மாலுமி, கணக்கன்

வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்த வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பற்றி வேண்டிய அளவு கோபப்பட்டாகிவிட்டது. கோபப்படுவது சுலபம், ஒரு புஸ்தகத்தைக்கூடப் புரட்டாமல் செய்துவிடலாம். எனக்கு அந்த வாக்கியத்தின் எழுவாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1498 ஏப்ரல் 24ஆம் தேதி, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் மலிந்தியிலிருந்து காமாவின் மூன்று கப்பல்கள் கிளம்பியபோது வழி சொல்லிக்கொண்டு கூடப் போனவன் ஒருவன் இருந்தான். அவன் யார்?

வங்கியில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. சில மாதங்களாக அந்தச் சனிக்கிழமைகளை நூலகத்தில் ஹக்லூயித் சங்கத்தின் வெளியீடுகளோடு கழித்து வருகிறேன். நீல அட்டை; அதில் தங்க நிறத்தில் மகெல்லனின் ‘விக்டோரியா’ கப்பல். ஆங்கிலம் பி.ஏ. படித்தவர்களுக்கு ஹக்லூயித் என்பவர் எலிசபெத் காலத்து உரைநடை என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி. பரீட்சைக்கு அது போதும். அவர் பெயரில் 1846இல் லண்டனில் தொடங்கிய சங்கம் பிரயாணக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பதிப்பித்து வந்திருக்கிறது. சாம்ராஜ்யம் தன் தஸ்தாவேஜுகளைத் தானே அடுக்கி வைத்துக்கொண்ட அலமாரி. ஆனால் பதிப்பாசிரியர்களில் நேர்மையானவர்கள் உண்டு. மேலே மூலம் ஒரு பெருமையைச் சொல்லிக்கொண்டு போகும். கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்பு அதன் காலை வாரிவிடும். பக்கத்தின் மேல்பாதியை வேகமாகவும் கீழ்பாதியை நிதானமாகவும் படிக்கப் பழகிவிட்டேன்.

காமாவின் முதல் பிரயாணத்தின் நாட்குறிப்பை இ. ஜி. ராவென்ஸ்டைன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1898இல், அதாவது சரியாக நானூறாம் வருஷத்தில், இந்த வரிசையில் வெளியிட்டார். கப்பலில் போன ஒருவன் எழுதியது. கையெழுத்துப் பிரதி கொயிம்பிராவில் ஒரு மடத்தில் கிடந்து 1838இல்தான் போர்ச்சுகலில் அச்சேறியது. எழுதியவன் பெயர் அதில் இல்லை. கூடப் போனவர்களில் இவன் இல்லை, அவன் இல்லை என்று கழித்துக் கழித்து அல்வாரோ வெல்யோ என்ற பெயரில் வந்து நின்றிருக்கிறார்கள். ஆக, பெயர் தெரியாத ஒருவன் பெயர் தெரியாத இன்னொருவனைப் பற்றி எழுதி வைத்தது.

மலிந்திக்கு முன்பே வழிகாட்டிகள் கிடைக்காமலில்லை. மொசாம்பிக்கில் ஏற்றிக்கொண்ட ஒருவன் தூரத்தில் தெரிந்த தீவுகளைக் கண்டு அது பெருநிலம் என்றான். இல்லையென்று தெரிந்ததும் சவுக்கால் அடித்தார்கள். அந்தத் தீவுக்குச் சவுக்கடி பட்டவன் தீவு என்றே பெயரும் வைத்தார்கள். வரைபடத்தில் அடி பதிவாகியிருக்கிறது, அடிபட்டவன் பதிவாகவில்லை. மொம்பாசாவில், கையில் இருந்த இருவர் மேல் கொதிக்கும் எண்ணெயைச் சொட்டவிட்டு விஷயத்தைக் கறந்தார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்பதைச் சொல்லும் அதே குரலில் இதையும் நாட்குறிப்பு சொல்கிறது. உணர்ச்சி கலவாத இந்தக் குரலுக்காக நம் சிறுகதைக்காரர்கள் எவ்வளவோ பிரயத்தனப்படுகிறார்கள். அந்த மனிதனுக்கு அது சிரமமே இல்லாமல் வந்திருப்பது கலவரப்படுத்துகிறது.

மலிந்தி மன்னன் வழிகாட்டி தருவதாக வாக்களித்திருந்தான். விருந்தும் வேடிக்கையுமாக நாட்கள் போயின, ஆள் வரவில்லை. ஏப்ரல் 22, ஞாயிற்றுக்கிழமை. மன்னனுக்கு நெருக்கமான ஒருவன் கப்பலுக்கு வந்தான். காமா அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆள் அனுப்பினான். வழிகாட்டி வந்து சேர்ந்ததும் பிடித்து வைத்தவனை விட்டுவிட்டான். பிணைக்கு மாற்றாக வந்தவன் என்பதுதான் நம் ஆளைப் பற்றிக் கிடைக்கிற முதல் செய்தி. இரண்டாவது செய்தி, அவன் கிறிஸ்தவன். இதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நாட்குறிப்பே சாட்சி. மலிந்தித் துறையில் நின்ற இந்தியக் கப்பல்காரர்கள் கிறிஸ்துவின் பெயரைக் கூவினார்கள் என்கிறது. அது கிருஷ்ணனாக இருக்கலாம் என்பது அடிக்குறிப்பு. கள்ளிக்கோட்டையில் ஒரு கோயிலுக்குள் போய் மாதா கோயில் என்று மண்டியிட்டவர்கள் இவர்கள். சுவரில் பல் வெளியே நீண்டு, நாலைந்து கைகளோடு இருந்த உருவங்களை அர்ச்சிஷ்டர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். முஸ்லிம் அல்லாத எவனும் கிறிஸ்தவன் என்ற சுலபமான கணக்கு.

அரை நூற்றாண்டு கழித்து, 1550களில், லிஸ்பனில் உட்கார்ந்து ஆசியச் சரித்திரம் எழுதிய பாரோஸ் அதே ஆளைக் குஜராத்தி முஸ்லிம் என்கிறார். அவர் தரும் காட்சி முக்கியமானது. வந்தவன் இந்தியக் கரையின் வரைபடம் ஒன்றைக் காட்டுகிறான். நெருக்கமாகக் கட்டம் போட்டது. காமா தன் மரத்தாலான பெரிய அஸ்ட்ரோலேபை எடுத்துக் காட்டுகிறான். அவன் ஆச்சரியப்படவில்லை. செங்கடல் பக்கம் பித்தளையில் இப்படிச் செய்துகொள்கிறார்கள், எங்களிடம் வேறு இருக்கிறது என்று பலகைகளால் ஆன தன் கருவியை எடுத்துக் காட்டுகிறான். நட்சத்திரத்தின் உயரத்தை விரல் கணக்கில் அளக்கிற கருவி அது.

பாரோஸ் அவனை மாலெமோ கானா என்கிறார். மற்றவர்களிடம் கானா, கானகுவா ஆகிறது. ராவென்ஸ்டைனின் அடிக்குறிப்பு இதை உடைத்துக் காட்டுகிறது. மாலெமோ அறபியின் முஅல்லிம். ஆசிரியன், கப்பலில் வழி அறிந்தவன். நம் மாலுமி அதே சொல்தான். கானகுவா என்பது கணக. கணிப்பவன், சோசியம் பார்ப்பவன், கணக்கன். ஆக இரண்டும் பெயரே அல்ல. மாலுமி, கணக்கன் என்று கப்பலில் கூப்பிட்டிருக்கிறார்கள், சரித்திராசிரியர்கள் பெயர் என்று எழுதிக்கொண்டுவிட்டார்கள். இதில் வியக்க எதுவும் இல்லை. கவுன்டருக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு நானும் கிளார்க்தான். என் பெயரைக் கேட்பவர்கள் புகார் எழுதப் போகிறவர்கள் மட்டும்.

பெயர் இல்லாத நாற்காலி வெகுநாள் காலியாக இருப்பதில்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே மெக்காவில் நஹ்ரவாலி என்ற சரித்திராசிரியர் அதில் அஹ்மத் இப்னு மாஜிதை உட்கார வைத்தார். அறபுக் கடலோடிகளில் மிகப் பெரியவர். கடல் சாஸ்திரத்தைப் பெரும்பாலும் செய்யுளில் எழுதியவர். பறங்கித் தலைவன் அவருக்குக் குடிக்கக் கொடுத்தான், போதையில் வழியைச் சொல்லிவிட்டார் என்பது நஹ்ரவாலியின் கதை. 1920களில் பிரெஞ்சு அறிஞர் ஃபெரான் இதை எடுத்து ஸ்தாபித்தார். 1957இல் லெனின்கிராடில், சிறையிலும் முகாம்களிலும் வருஷங்களைத் தொலைத்துவிட்டு வந்த ஷுமோவ்ஸ்கி, இப்னு மாஜிதின் மூன்று செய்யுள் நூல்களைப் பதிப்பித்தபோது காமாவின் மாலுமி என்று தலைப்பிலேயே போட்டார். பறங்கிகளைப் பற்றிய அடிகள் அவற்றில் உண்டு; நான்தான் வழி காட்டினேன் என்று எங்கும் இல்லை. 1971இல் டிப்பெட்ஸ் அவரை மொழிபெயர்த்தபோது இந்த அடையாளத்தை ஏற்கவில்லை. 1997இல் காமாவைப் பற்றி எழுதிய சஞ்சய் சுப்ரமணியமும் ஏற்கவில்லை. வயது, ஊர், இனம் எதுவும் பொருந்தவில்லை. ஆனாலும் கதை சாகவில்லை. பெரிய காரியத்தைப் பெரிய மனிதன்தான் செய்திருக்க வேண்டும் என்ற ஆசை ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமா என்ன? குஜராத்தில் அவனுக்குக் குஜராத்திப் பெயர் இருக்கிறது. மாலுமி, கணக்கன் இரண்டும் தமிழில் புழங்குகிற சொல் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் முகம் பிரகாசித்ததைப் பார்த்துப் பேச்சை மாற்றினேன். கணியன் என்று ஆரம்பித்தால் பூங்குன்றனை இழுத்து வந்து சுக்கானில் நிறுத்த நம்மிடையே ஆள் இருக்கிறது.

அவன் என்ன கொடுத்தான் என்பதுதான் கேள்வி. வழி என்றதும் நாம் வரைபடத்தில் ஒரு கோட்டை நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கடலில் வழி என்பது தேதி. ஏப்ரல் கடைசியில் தென்மேற்குக் காற்று எழும்பத் தொடங்கும். ஜூனில் அது முற்றி மலையாளக் கரைத் துறைகளை மூடிவிடும். நடுவில் கிடைக்கும் சில வாரங்களுக்குள் அவன் கப்பல்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். 23 நாள் நிலம் கண்ணில் படவில்லை. மே 18 அன்று மலைகள் தெரிந்தன, பெருமழை. 20ஆம் தேதி காப்பாட்டைக் கள்ளிக்கோட்டை என்று எண்ணிவிட்டான். நாட்குறிப்பு சொல்லும் ஒரே பிழை. காமா இறங்கிய இடம் என்று காப்பாட்டில் இப்போது ஒரு கல் நிற்கிறது. மாலுமியின் பிழைக்கு எடுத்த நடுகல்.

திரும்பும்போது இந்தக் கணக்கு இல்லை. கள்ளிக்கோட்டையில் சச்சரவு முற்றி ஆகஸ்ட் 29இல் கிளம்பினார்கள். அஞ்சதீவிலிருந்து அக்டோபர் 5ஆம் தேதி, வடகிழக்குக் காற்று நிலைப்பதற்கு முன்பே பாய் விரித்தார்கள். காற்றே இல்லாத நாட்கள், இருந்தால் எதிர்க்காற்று. ஈறு வீங்கிப் பல்லை மூடி, கால் வீங்கி, 30 பேர் செத்தார்கள். வேலை செய்யக் கப்பலுக்கு ஏழெட்டுப் பேர் மிஞ்சினார்கள். 1499 ஜனவரி 2ஆம் தேதி மொகதிஷு கண்ணில் பட்டது. ஓட்ட ஆளில்லாமல் ஸாவோ ரஃபேல் கப்பலைக் கொளுத்தினார்கள். வர 23 நாள், போக 89 நாள். கல்லாவில் இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் எங்கள் கிளையில் அன்று யாரும் வீட்டுக்குப் போக முடியாது. சரித்திரத்தில் இதற்குப் பெயர் வெற்றிகரமான பிரயாணம்.

1572இல் கமோயிஷ் இந்தப் பிரயாணத்தைக் காவியமாக்கினார். வீனஸும் பாக்கஸும் வருகிறார்கள், கடல் தேவதைகள் வருகிறார்கள். எல்லோருக்கும் பெயர் உண்டு. நிலம் தெரிந்ததும் மகிழ்ந்து சொல்பவன் மட்டும் மலிந்திக்காரன், மாலுமி. கவியிடமும் அவனுக்குத் தர வேறொன்றும் இல்லை.

ஆனால் 1500லேயே கப்ரால் காமாவின் ஆலோசனைகளோடு 13 கப்பல்களைத் திரட்டிக்கொண்டு லிஸ்பனிலிருந்து கிளம்பிவிட்டான். கடல்வழி கண்டுபிடித்ததற்கான கொண்டாட்டங்கள் அங்கே முந்தின வருஷமே நடந்து முடிந்திருந்தன. ஆகஸ்டில் மலிந்தியில் நங்கூரம் பாய்ச்சி, மன்னனிடம் மாலுமி கேட்டு வாங்கிக்கொண்டுதான் கடலைக் கடந்தான்.