ஊதியம் பெறாத தீர்ப்பாளர்கள்: கல்வராயன் மலைப் பறவைப் பதிவுகளும் முடிவுப் பகிர்வும்

பறவை பார்த்தலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் குறிப்புகள் இன்று அறிவியல் தரவாகவே கையாளப்படுவதால், அவற்றுள் எதை ஏற்பது, எதை நிறுத்திவைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம், எவ்வாறு பகிரப்பட்டிருக்கிறது என்ற வினா ஆய்வுலகுக்கும் உரியதாகிறது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் அளித்த ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. அப்பதிவுகள் சேர்ந்த இடம், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இ-பேர்டு என்னும் தரவுத்தளமாகும். அங்கே ஐயத்துக்குரிய பதிவை ஆராய்ந்து முடிவுசெய்பவர்கள் சரிபார்ப்பாளர்கள் எனப்படுகின்றனர். அவர்களும் ஊதியமின்றி உழைக்கும் ஆர்வலர்களே. இம்முறையின் நேர்மை, தீர்ப்பளிப்போர் எத்தனை பேர் என்பதைவிட, தீர்ப்பு எத்தனை படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதையே சார்ந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதற்படி, பதிவு வருவதற்கு முன்பே எடுக்கப்படும் முடிவாகும். ஒரு நிலப்பகுதியில், குறிப்பிட்ட மாதத்தில், ஓர் இனத்தின் எத்தனை பறவைகள் வரை வியப்பின்றி எதிர்பார்க்கலாம் என்ற உச்ச எண்ணைச் சரிபார்ப்பாளர்கள் முன்கூட்டியே நிர்ணயிக்கின்றனர். அவ்வெண்களின் தொகுப்பு வடிகட்டி எனப்படுகிறது. எண்ணிக்கை அதனை மீறினால் மட்டுமே பதிவாளரிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. வடக்கிலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தைத் தெற்கே கழிக்கும் ஆறுமணிக்குருவியை நவம்பரில் கண்டதாக எழுதுபவரை யாரும் வினவமாட்டார்கள். ஜூன் மாதத்தில் கண்டதாக எழுதினால் விளக்கம் தேவைப்படும். இன்னார் சொன்னார் என்பதற்காக ஒரு பதிவு தடுக்கப்படுவதில்லை, எல்லோருக்கும் பொதுவான எண்ணே தடுக்கிறது என்பதால், தனிமனித விருப்புவெறுப்புக்கு இங்கே இடம் குறைகிறது.

ஆயினும் அந்த எண்ணை எந்த நிலத்துக்கு வகுப்பது என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், மலையடிவாரத்துக் கோமுகி அணையும் அதனைச் சூழ்ந்த நன்செய் வயல்களும் ஒருபுறம் இருக்க, கரியாலூர் போன்ற ஊர்கள் கல்வராயன் மலைமீது அமைந்துள்ளன. சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடி உயரமும் பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி உயரமும் கொண்டவை. நீர்ப்பறவைகள் மிகுந்த அணைக்கட்டுக்கும் சோலைகளும் சரிவுகளும் நிறைந்த மலைக்கும் ஒரே வடிகட்டி அமைந்தால், மலையில் இயல்பாகத் திரியும் செம்மீசைச் சின்னான் சமவெளிக் கணக்கின்படி அரிய பறவையாகிவிடும். கரியாலூரில் பதிபவர் ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுத வேண்டிவரும். எண்ணைத் தளர்த்தினாலோ சமவெளியில் நேரும் பிழைகள் வினவப்படாமலே கடந்துவிடும். ஆட்சி எல்லையை அறிவின் எல்லையாகவும் கொள்வது வசதியானது. ஆனால் மலைக்கு அது பொருந்துவதில்லை. மலையையும் சமவெளியையும் அறிந்தவர்கள் கூடி எண்களை வகுக்க வேண்டியதன் தேவை இங்குதான் எழுகிறது.

இரண்டாம் படி வினவுதல். சரிபார்ப்பாளர் பதிவாளருக்கு எழுதி, ஒளிப்படமோ குரல்பதிவோ களக்குறிப்போ கேட்கிறார். நெருங்கிய உறவுடைய சில கதிர்க்குருவிகளை உருவத்தால் பிரித்தறிவது அரிது. குரலே நம்பத்தக்க சான்றாகிறது என்பதால், நல்ல ஒளிப்படம் வைத்திருப்பவரும் சில வேளைகளில் நிறைவான விடை தர இயலாது. அதன் பின்னரே ஏற்பு அல்லது நிறுத்திவைப்பு என்ற முடிவு வருகிறது. நிறுத்திவைக்கப்பட்ட பதிவு பொதுவெளி வரைபடங்களிலும் ஆய்வுத் தரவிலும் இடம்பெறாது. ஆனால் பதிவாளரின் சொந்தப் பட்டியலிலிருந்து அது நீக்கப்படுவதில்லை. பிறர் நம்பத்தக்கது எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை சரிபார்ப்பாளருக்கு உண்டே தவிர, ஒருவர் கண்டதை அழிக்கும் உரிமை இல்லை. புதிய சான்று கிடைத்தால் முடிவை மாற்றவும் வழி உண்டு. இம்முறையின் தலையாய சிறப்பு இதுவே எனலாம்.

பிரித்தானியாவின் பட்டறிவு இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கு 1959இல் அமைக்கப்பட்ட அரிய பறவைகள் குழுவில் பத்துப் பேர் வாக்களித்து முடிவுசெய்கின்றனர். ஹேஸ்டிங்ஸ் வட்டாரத்தில் 1892 முதல் 1930 வரை கிடைத்ததாகச் சொல்லப்பட்ட அரிய பறவைப் பதிவுகள் நம்பத்தகாதவை என்று 1962இல் பிரிட்டிஷ் பேர்ட்ஸ் இதழ் விரிவாக வாதிட்டபின், அவை மொத்தமாக விலக்கப்பட்டன. ஒருமுறை ஏற்கப்பட்டதை மீண்டும் ஆராயும் துணிவு அறிவுலகுக்கு வேண்டும் என்பதை அந்நிகழ்வு காட்டுகிறது. ஆனால் பத்துப் பேர் கூடி வாக்களிக்கும் முறை அரியவற்றுக்கே பொருந்தும். அன்றாடம் வந்து குவியும் பதிவுகளுக்கு, பொது விதியும் பரவலான சரிபார்ப்பாளர்களும் கொண்ட முறையே இயலக்கூடியது.

குறையும் இல்லாமலில்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு வகுத்த விதிகளில், வாரியத்தில் இருந்தவர் 360 நாளில் விலக வேண்டும், அடுத்த மூன்று ஆண்டுகள் மீண்டும் இடம்பெறக் கூடாது, கணக்குக் காட்டாதவர் தேர்வுக்கே தகுதியற்றவர் என்பன அடங்கும். அச்சபை பிராமண நிலவுடைமையாளர்களுக்கு மட்டுமே உரியது என்பதை மறக்க இயலாது. எனினும் பொறுப்பு ஒருவரிடமே தங்கிவிடக் கூடாது என்ற அதன் கவலை இன்றும் பொருந்தும். சரிபார்ப்பாளர் பணிக்கு இத்தகைய கால வரம்பு இல்லை. அனுபவம் வேண்டிய பணி என்பது உண்மையே. ஆனால் ஒரு வட்டாரத்தின் எண்களை நெடுங்காலம் ஒருவரே வகுத்தால், அவர் அறியாதவை அரியவையாகவே எஞ்சிவிடும் இடர் உண்டு.

இதனினும் கனமான குறை, முடிவெடுப்போர் வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியது. கல்வராயன் மலையில் பெரும்பான்மையினராக வாழும் மலையாளிப் பழங்குடியினர், வயல்களிலும் காட்டிலும் பறவைகளின் வரவையும் குரலையும் ஆண்டு முழுவதும் அறிபவர்கள். கைப்பேசி, ஆங்கிலத்தில் பெரிதும் நடைபெறும் வினாவிடை, அறிவியல் பெயர்ப் பட்டியல் ஆகியவை அவர்களது அறிவைப் பதிவாகக்கூட மாறவிடுவதில்லை. எனவே வடிகட்டியின் எண்களிலும் அது இடம்பெறுவதில்லை. 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பு, இந்த இடைவெளியைக் குறைப்பதற்கு ஏற்ற தருணமாகும்: கரியாலூரில் ஊர்ப் பெரியவர்களும் பள்ளி மாணவர்களும் உள்ளூர்ப் பெயர்களோடு தமிழில் அளிக்கும் குறிப்புகளைச் சரிபார்ப்பாளர்கள் அமர்ந்து கேட்டு, மலைக்கெனத் தனி எண்களை வகுக்கும் பணியை அங்கிருந்தே தொடங்க இயலும்.