பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (இலங்கை)

இலங்கை மக்கள் ‘பீ.எச்.ஐ.’ என்றழைக்கும் அரச உத்தியோகத்தர். நோயாளிக்கு மருந்து கொடுப்பது வைத்தியசாலையின் பொறுப்பு. அந்த நோய் எந்தக் கிணற்றிலிருந்து, எந்தக் கடையிலிருந்து கிளம்பியது என்று தேடிப்போவது இவருடைய பொறுப்பு.

இப்பணிக்குச் சட்ட வலு தந்தது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். கொவிட் காலத்திலும் அதுவே கைகொடுத்தது. ஆனால் சேவைக்கு இன்றைய உருவம் கிடைத்தது 1926இல், களுத்துறையில். ரொக்ஃபெல்லர் மன்றத்தின் துணையுடன் அங்கே முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வைத்திய அதிகாரி ஒருவரின் கீழ் பரிசோதகர், தாதி, மருத்துவிச்சி ஆகியோர் குறித்த எல்லைக்குள் வாழும் மக்களுக்குப் பொறுப்பாயினர். இலங்கைச் சுகாதாரத்துறை எடுத்த மிகச் சிறந்த முடிவு இதுதான். தன் பிரிவின் கிணறுகளையும் மலசலகூடங்களையும் நடந்து நடந்தே அறிந்தவருக்கு, வைத்தியசாலையிலிருந்து வரும் ஒரு நெருப்புக்காய்ச்சல் அறிவித்தல் வெறும் காகிதமாக இராது. யார் வீடு, எந்தத் தண்ணீர் என்பது உடனே தெரியும்.

இத்தகைய பிரிவுகள் நாடெங்கும் பரவுமுன்பே பேரிடி விழுந்தது. 1934இல் மழை பொய்த்தது. ஓடும் ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, அவற்றில் மலேரியா நுளம்பு பெருகியது. அடுத்த ஆண்டுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் டீ.டீ.டீ. தெளிப்பும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்து, 1963இல் நோயாளர் தொகையை வெறும் 17ஆகக் குறைத்தன. வெற்றி கிட்டிவிட்டதென்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968–69இல் மலேரியா லட்சக்கணக்கானோரைப் பீடித்தது. பரிசோதகர்களின் வேலையை வீண்செலவாகக் கருதுவோர் இந்த ஐந்தாறு ஆண்டுகளை நினைவிற் கொள்ள வேண்டும்.

1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் பரிசோதகர்கள் உணவகங்களைச் சோதிக்கவும் வழக்குத் தொடரவும் வழிசெய்தது. இன்று அவர்களுடைய பெரும்பொழுதை டெங்கு எடுத்துக்கொள்கிறது: சிரட்டை, டயர், கூரைப் பீலி என்று குடம்பி தேடுவதே வேலை. 2017இல் மட்டும் 1,86,000 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர்.

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. அதையொட்டிய மாதங்களிலேயே, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அது கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் முட்டையிடுகிறது.