ஓசையற்ற வண்டி: அயர்லாந்துச் சாலைக் கதையொன்றின் சொல்வரலாறு

அயர்லாந்தின் சிற்றூர்ச் சாலைகளில் இரவு வேளையில் கரிய குதிரைவண்டி ஒன்று செல்லக் கண்டதாகக் கூறும் கதைகள் பல. அதனை இழுக்கும் குதிரைகளுக்குத் தலையில்லை, ஓட்டுபவனுக்கும் தலையில்லை. வண்டி வாயிலில் வந்து நின்றால் அவ்வீட்டில் சாவு நேரும் என்பது நம்பிக்கை. குரோக்கர் 1825 முதல் 1828 வரை வெளியிட்ட தொகுதிகளிலும் யேட்ஸ் 1888இல் வெளியிட்ட தொகுப்பிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. இதனைக் கெல்டியரின் மிகத் தொன்மையான மரபாகக் கொள்வோர் உளர். அக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை வண்டியின் பெயரைக் கொண்டே ஆராயலாம்.

ஐரிஷ் மொழியில் அதன் பெயர் 'கோஷ்டெ பவுர்'. இதன் முதற்சொல் 'கோச்' என்னும் ஆங்கிலச் சொல்லின் கடன்வடிவம். ஆங்கிலச் சொல்லோ அங்கேரியிலுள்ள கோச் என்னும் ஊர்ப்பெயரிலிருந்து பிறந்தது. 15ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் செய்யப்பட்ட வண்டி ஐரோப்பாவெங்கும் பரவியபோது பெயரும் உடன் பரவிற்று. ஆங்கிலத்தில் அது 16ஆம் நூற்றாண்டில்தான் வழக்குப் பெற்றது. ஆகவே இப்பெயர் அதற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது.

அடையாக வரும் 'பவுர்' மிகப் பழைய சொல். செவிடு என்னும் பொருளுடைய இது வடமொழிப் 'பதிர' என்பதற்கு இனமானது. இவ்வுறவு சொல்லுக்கு உரியதே; கதைக்கு உரியதன்று. கேளாமையை மட்டுமின்றி, ஒலி மழுங்கியிருத்தலையும் ஐரிஷில் இச்சொல் குறிக்கும். வண்டி ஓசையின்றி வரும் என்று சிலர் கூற, யேட்ஸ் உருளும் ஒலியைக் குறிப்பிடுவது இங்குக் கருதத்தக்கது. இரு கூற்றுகளுக்கும் இச்சொல் இடந்தருகிறது. தமிழில் 'செவிட்டு வண்டி' என்றால் இப்பொருள் புலப்படாது. ஊமைக்காயம், ஊமைவெயில் என்பன போல 'ஊமை வண்டி' என்பதே பொருந்தும்.

பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் சாவின் ஏவலனாகிய அங்கூ ஏறிவருவது உழவரின் பாரவண்டி. அதன் அச்சு கிறீச்சிடும் ஒலியே சாவின் அறிகுறி. லெ பிராஸ் 1893இல் வெளியிட்ட நூல் இக்கதைகளைத் தொகுத்துரைக்கிறது. பிரெத்தோன் மொழியில் வண்டியைக் குறிக்கும் 'கார்' கெல்டிய மொழிகளுக்கே உரிய சொல். இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்து இன்று நம் தெருக்களில் வழங்கும் 'கார்' என்பதும் அதன் வழித்தோன்றலே.

சாவு சாலைவழி வரும் என்னும் எண்ணம் பழமையானதாக இருக்கலாம். அது ஏறிவரும் ஊர்தியோ காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப மாறுகிறது. பிரெத்தாஞ் உழவர் தம் வண்டியையே சாவுக்கு அளித்தனர். அயர்லாந்தின் உழவரோ செல்வர் ஏறிச்சென்ற கோச்சு வண்டியை அளித்தனர். கதையின் தொன்மையைப் பேசுமுன் அதன் ஒவ்வொரு சொல்லின் வயதையும் காணுதல் வேண்டும்.