பத்தியும் வினாவும்

ஸ்ரீ கெம்பாங்கானில் இன்று அங்காடிகளும் அடுக்குமாடிகளும் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் ஈயலம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன என்பதும், அவசரகாலத்தில் சிதறி வாழ்ந்த குடிகளை அரசாங்கம் வேலிக்குள் குடியேற்றிய செர்டாங் புதுக்கிராமமே பின்னர் இவ்வூராயிற்று என்பதும் சிலாங்கூர்வாசிகள் அறிந்த விஷயம். அதற்கும் முன்னதாகவே, 1931இல், செர்டாங்கில் ஒரு விவசாய வித்தியாசாலை திறக்கப்பட்டு, 1947இல் கல்லூரியாகவும் 1971இல் சர்வகலாசாலையாகவும் வளர்ந்ததைப் பெருமையோடு சொல்பவர் பலர். ஆங்கிலத்தில் இருந்த அதன் புத்தகங்களைப் படித்துக் கிரகிக்கும் சக்தி மாணாக்கருக்கு எவ்வழியில் வந்தது என்று விசாரிப்பவர் சிலரே. ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே வினாக்களை நிரைப்படுத்தி, விடை எழுதச் சொல்லும் கருத்துணர்தல் அப்பியாசத்தின் சரித்திரம் அந்த விசாரணையில்தான் தொடங்குகிறது.

சிலாங்கூரில் ஆங்கிலத்தால் உத்தியோகம் பெற்ற முதல் தலைமுறைத் தமிழரில் கணிசமானோர் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் பயின்று கப்பலேறி வந்து, ரயில்வேயிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் அமர்ந்து, பிரிக்பீல்ட்ஸில் குடியேறியவர்கள். 1893இல் நிறுவப்பெற்ற விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், தம்புசாமிப் பிள்ளை போன்ற பிரமுகர்களின் ஆதரவோடு, பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் அந்த வாசலைத் திறந்துவிட்டது. அங்கே பூகோளமும் கணிதமும் சரித்திரமும் ஆங்கிலத்திலேயே நடந்தமையால், கேம்பிரிட்ஜ் பரீட்சைக்காகப் பத்தி படித்து விடையெழுதுவது பல அப்பியாசங்களுள் ஒன்றாகவே இருந்தது. மேலும், வந்த கடிதத்தைப் படித்து, அதன் சாரத்தை மேலதிகாரிக்குச் சுருக்கி எழுதுவதே குமாஸ்தாவின் வேலையாகவும் இருந்தபடியால், பரீட்சை மண்டபத்துக்கும் காரியாலயத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை என்பேன்.

தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நிர்வாகம் வைத்ததோ, கிராணியோ கங்காணியோ ஓய்ந்த வேளையில் வந்து தமிழ் எழுத்தும் கொஞ்சம் கணக்கும் சொல்லிக் கொடுக்கும் ஒரு கொட்டகை. அதில் ஆங்கிலத்துக்கு இடமில்லை. இருந்தால் பால்மரம் வெட்ட ஆள் கிடைக்காது என்று துரைமார் எண்ணியிருக்கவும் கூடும்.

1956ஆம் ஆண்டு ரசாக் கல்வி அறிக்கைக்குப் பின் நிலைமை மாறிற்று. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு பயின்ற மாணவன் இடைநிலைப் பள்ளியில் சேருமுன், ஓராண்டுக் காலம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. அறுபதுகளில் அவ்வகுப்பின் பிரதான காரியம் ஆங்கிலமே. முந்திய ஆண்டு வரை எல்லாவற்றையும் தமிழில் கற்ற பிள்ளை, அடுத்த ஆண்டு விஞ்ஞானத்தையும் சரித்திரத்தையும் ஆங்கிலத்தில் படித்தறியத் தகுதி பெற்றாக வேண்டும். பேச்சுப் பழக்கத்துக்கு வீட்டிலும் லயத்திலும் வகையில்லாதபோது, கைக்கு எட்டிய ஆங்கிலம் அச்சிட்ட பத்தி ஒன்றுதான்.

இத்தகைய பிள்ளைகளுக்கு வாசிப்பே உத்தமம் என்ற சித்தாந்தத்தை வகுத்தவர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட். வங்காளத்து மாணவரில் பெரும்பாலோர் படிப்பை நடுவில் நிறுத்துவதைக் கண்ட அவர், காப்புறுதிப் பத்திரத்தை இடையில் ஒப்படைத்தாலும் ஒரு தொகை கைக்கு வருவதுபோல், எந்த வகுப்போடு நின்றாலும் பயன் மிஞ்சுவது வாசிப்பில்தான் என்று 1926இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். புதுச் சொற்களை இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக நுழைக்கும் அவருடைய வாசகங்களும், 1953இல் அவர் வெளியிட்ட ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியலும் பிற்காலப் பாடநூலாசிரியர் பலருக்கு வழிகாட்டின.

தபாலாபீஸ், ரயில் நிலையம், மருத்துவமனை என்று அன்றாட விஷயங்களை அந்நூலாசிரியர்கள் பத்திகளுக்குப் பொருளாக்கியது நல்ல யோசனை. ஆயினும் பட்டணத்தான் அன்றாடம் காண்பது தோட்டத்தானுக்கு அதிசயமாக இருக்கலாம். தொலைபேசியைத் தொட்டறியாத பிள்ளை தொலைபேசிப் பத்திக்கு விடை எழுத வேண்டும். மாறாக, ரப்பர்ப் பால் எடுப்பதைப் பற்றிய பத்தி வந்தாலோ, விடியுமுன் தாயோடு நிரைக்குப் போய் வந்த பிள்ளை நூலாசிரியரைவிட அதிகம் அறிந்திருந்தும், தான் அறிந்ததை ஒதுக்கி, பத்தி சொன்னதை மட்டுமே எழுதக் கடமைப்பட்டது. கருத்துணர்தலின் நுட்பமான பாடம் இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது: தன் அறிவையும் ஆசிரியர் கூற்றையும் பிரித்தறிவது பெரியவர்களுக்கும் எளிதன்று.

1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுதோறும் ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறி, எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மாற்றம் முற்றுப்பெற்றது. போதனை மொழி ஸ்தானத்தை இழந்தவுடன் ஆங்கிலப் பத்தியின் முக்கியத்துவமும் மங்கியிருக்க வேண்டும் என்று எண்ணுவோம், நடந்தது நேர்மாறு. விரிவுரை மலாயில், நூலகத்து நூல்களோ ஆங்கிலத்தில் என்ற நிலையில், மலாயாப் பல்கலைக்கழகம் எழுபதுகளில் பிரத்தியேகத் திட்டம் ஒன்றை நடத்தி, கல்வி நூல்களைப் படித்துணரும் பயிற்சிக்கென்றே பாடநூல்களைத் தயாரித்தது. 1999இல் தொடங்கிய, பல்கலைக்கழகப் படிப்புக்கான ஆங்கிலப் பரீட்சையான மூயெட்டிலும் நான்கு திறன்களுள் வாசிப்புக்கே அதிகப் புள்ளிகள் ஒதுக்கப்பட்டன. அந்த முதலிடம் இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்து, 2021இல்தான் நான்கு திறன்களுக்கும் சமபங்கு வந்தது.