குண்டு துளைக்காத கண்ணாடியும் கண்ணிவெடி தாங்கும் வாகனமும்: உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும்

போர்க்காலத்தில் வடக்கிலோ கிழக்கிலோ வாழ்ந்த எவருக்கும் ‘பவள்’ என்ற பெயரை விளக்கத் தேவையில்லை. உயர்ந்த சில்லுகள், தோணியின் அடிபோலச் சரிந்த உடல், தடித்த கண்ணாடிகளுக்குள் ஒரு சாரதி. அது வீதியில் வந்தால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்போம். அதன் அடிப்பகுதி ஏன் அப்படிச் சரிந்திருக்கிறது, அந்தக் கண்ணாடி எப்படித் துப்பாக்கிக் குண்டைத் தாங்குகிறது என்று அப்போது யாரிடமும் கேட்க முடியாது. அந்தக் கேள்விகளுக்கான விடைகளையே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கண்ணாடி ஒன்றல்ல, பல அடுக்குகள்

‘குண்டு துளைக்காத கண்ணாடி’ என்பது பேச்சுவழக்கு. எல்லாக் குண்டுகளையும் தடுக்கும் கண்ணாடி உலகில் இல்லை. குறித்த வகைக் குண்டை, குறித்த எண்ணிக்கையில் தாங்கும் கண்ணாடிதான் உண்டு.

இதன் மூலம் பிரெஞ்சு இரசாயனவியலாளர் எட்வார் பெனெடிக்டஸின் கண்டுபிடிப்பு. உட்புறத்தில் செலுலோஸ் நைத்திரேற்றுப் படலம் படிந்திருந்த ஒரு குடுவை கீழே விழுந்து வெடித்தும் சிதறாமல் இருந்ததை அவர் கவனித்தார். 1909இல் அடுக்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கார்களின் முன்கண்ணாடி உடைந்தாலும் சிலந்திவலைபோல ஒட்டிக்கொண்டு நிற்பது இந்த வழியில் வந்த பயன்.

கவச வாகனக் கண்ணாடியில் பல கண்ணாடித் தகடுகள், அவற்றை ஒட்டும் பிளாஸ்ரிக் படலங்கள், உட்புறத்தில் பொலிகாபனேற்று என்ற உறுதியான பிளாஸ்ரிக் தகடு என்பன இருக்கும். வெளிக் கண்ணாடி கடினமானது. குண்டு அதில் மோதி நசுங்கும். கண்ணாடியும் நொருங்கும். அப்படி நொருங்கும்போதே குண்டின் வேகத்தை அது விழுங்கிவிடுகிறது. உள்ளே உள்ள பொலிகாபனேற்று உடையாமல் வளைந்து கொடுத்து, சிதறும் கண்ணாடித் துகள்கள் உள்ளிருப்பவரின் முகத்தில் பாயாமல் மறிக்கிறது.

ஐரோப்பிய நியமமான ஈஎன் 1063 இவற்றைக் கைத்துப்பாக்கி முதல் கவசம் துளைக்கும் றைபிள் குண்டு வரை பிஆர்1 முதல் பிஆர்7 எனத் தரம் பிரிக்கிறது. அநேகமான தரங்களில் 120 மில்லிமீற்றர் இடைவெளியில் முக்கோணமாக மூன்று முறை சுட்டுப் பார்ப்பார்கள். ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பச் சுட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தச் சான்றிதழ் பொறுப்பேற்காது.

பாரமும் ஒரு சிக்கல். ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ நிறை கொண்டது. 40 மில்லிமீற்றர் என்றால் 100 கிலோ. ஆகவே வாகனத்தின் கதவுப் பிணைச்சல், வில்லு, தடுப்பு எல்லாவற்றையும் பலப்படுத்த வேண்டும். வெயிலும் ஈரமும் காலப்போக்கில் அடுக்குகளைப் பிரித்துவிடும். ஓரங்களில் பால்போல வெண்மை படர்ந்தாலோ குமிழிகள் தோன்றினாலோ அந்தக் கண்ணாடியை நம்ப முடியாது.

அடியிலிருந்து வரும் அடி

கண்ணிவெடிக்குக் கண்ணாடியால் பதில் சொல்ல முடியாது. அதற்கான பதில் வாகனத்தின் வடிவத்தில் இருக்கிறது. தட்டையான அடிப்பகுதி வெடிப்பின் அழுத்தத்தை முழுமையாக வாங்கிக்கொள்ளும். ஆங்கில ‘வி’ எழுத்துப்போலச் சரிந்த அடிப்பகுதி அதை இரு பக்கமும் வழுகவிடும். நிலத்திலிருந்து உயரம் கூடக்கூட அழுத்தம் விரைவாகக் குறையும். சில்லு பிய்ந்து போகும், உடல் தப்பும்.

இந்த நுட்பம் 1970களில் ரொடீசியாவிலும் தென்னாபிரிக்காவிலும் வளர்ந்தது. தென்னாபிரிக்காவின் ‘பஃபல்’ வாகனம் ஜேர்மனியின் யுனிமொக் லொறியை அடிப்படையாகக் கொண்டது. வெடிப்பின் வேகத்தை உறிஞ்ச ரயர்களுக்குள் தண்ணீர் நிரப்பினார்கள். படையினர் முதுகோடு முதுகாக, பட்டி கட்டி அமர்ந்தார்கள். பட்டி இல்லாவிட்டால் வெடிப்பில் தூக்கி எறியப்பட்டே கழுத்து முறியும். இந்த வாகனங்களை இலங்கை அரசு 1980களில் வாங்கியது. அவற்றைப் பார்த்து யூனிகோன், யூனிபஃபல் ஆகியவற்றை இலங்கை இராணுவத்தின் பொறியியல் பிரிவினர் இங்கேயே கட்டினர். எங்கள் வாயில் எல்லாமே ‘பவள்’ ஆகின. உயரம் கூடியதால் இலகுவில் புரள்வதும், மேற்பகுதி திறந்திருந்ததும் அதன் குறைகள்.

வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: 1992 ஓகஸ்ட் 8ஆம் திகதி தீவகத்தின் அராலித்துறையில் மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ சென்றது சாதாரண லான்ட்ரோவர் ஜீப்பில். கண்ணிவெடியில் அவரும் உடன் சென்ற மூத்த அதிகாரிகளும் உயிரிழந்தனர்.

இப்போது நேட்டோவின் ஸ்ரனாக் 4569 நியமம், சில்லின் கீழும் வயிற்றின் கீழும் 6, 8, 10 கிலோ வெடிமருந்தை வெடிக்க வைத்து வாகனங்களைத் தரப்படுத்துகிறது. ஈராக்கில் தட்டையான அடி கொண்ட ஹம்வீக்களில் சென்ற படையினரை இழந்த பின்னர், அமெரிக்காவும் 2007இல் இந்தச் சரிந்த வடிவத்துக்கே பெருமளவில் மாறியது.

வெளியே இருந்தவர்கள்

இவ்வளவும் வாகனத்தின் உள்ளே இருப்பவருக்கான பாதுகாப்பு. வெளியே இருந்தவர்களுக்குச் சாதாரண கண்ணாடியே ஆயுதமானது. 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் 91 பேர் கொல்லப்பட்டனர். சுமார் 1,400 பேர் காயமடைந்தனர். பறந்த கண்ணாடித் துண்டுகளால் பலர் பார்வையை இழந்தனர். கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டும் பாதுகாப்புப் படலம் அத்தகைய காயங்களைக் குறைக்கும். அன்று அது எத்தனை அலுவலகங்களில் இருந்திருக்கும்?

பஸ்ஸில் போனவர்களுக்கு அதுவும் இல்லை. 2006 ஜூனில் கெப்பித்திகொல்லாவையில் கிளைமோர் தாக்குதலில் 60க்கும் மேற்பட்ட சிங்களக் கிராமத்தவர்கள் இறந்தனர். 2008 ஜனவரியில் மடு தட்சணாமடுவில் பஸ் ஒன்று கிளைமோரில் சிக்கிப் பாடசாலை மாணவர்கள் உட்படப் பலர் இறந்தனர். கிளைமோர் பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான உருக்கு உருண்டைகளை வீசும். பஸ்ஸின் தகரமும் யன்னலும் அவற்றுக்குக் கடதாசி. இரண்டு பஸ்களிலும் இருந்தவர்கள் கவச வாகனத்தை வீதியில் மட்டுமே கண்டவர்கள்.

இன்று அந்தப் பிளாஸ்ரிக் யார் முகத்தில்?

போர் முடிந்த பின் அதே பொலிகாபனேற்று எங்கள் மக்களின் முகத்துக்கு வந்தது. கண்ணிவெடி அகற்றுபவர்கள் அணியும் முகக்கவசம் அதனால் ஆனது. சர்வதேச நியமம் குறைந்தது 5 மில்லிமீற்றர் தடிப்பைக் கேட்கிறது. உடலில் அணியும் கவசம் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் வெடிக்கும் 240 கிராம் ரிஎன்ரியைத் தாங்க வேண்டும்.

முகமாலையில் அந்த வேலை செய்யும் பெண்களோடு பேசியிருக்கிறேன். கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்குபவர்களும் அவர்களில் உண்டு. அவர்களின் முகக்கவசத்தை நானும் அணிந்து பார்த்தேன். சிறிது நேரத்தில் மூச்சுக்காற்றால் மங்கியது, வியர்வை கண்ணில் இறங்கியது. கீறல் விழுந்தால் மாற்ற வேண்டும், ஏனென்றால் அதன் ஊடாகத்தான் மண்ணைப் பார்க்கிறார்கள். மிதிவெடிக்கு இந்தக் கவசம் போதும். தாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடியில் உள்ள பல கிலோ வெடிமருந்துக்கு மனிதர் அணியும் எந்தக் கவசமும் போதாது.

காணிக்குத் திரும்பியவர்கள் மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் காலடி வைக்க வேண்டாம். சந்தேகமான பொருளைத் தொடவோ எரிக்கவோ வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, வந்த வழியாலேயே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிஸாரிடமோ அறிவியுங்கள். கவசம் அணியாத எங்களுக்குத் தூரம் ஒன்றே காப்பு.