எடை மேடையில் ஓகே... ரோட்டில் ஆட்டம்! டிரெய்லர் வாலாட்டுவது ஏன்?

ஓசூர் - கிருஷ்ணகிரி இடையே 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பைக் ஏற்றிய கன்டெய்னர்கள், மாங்காய் லோடு டிராக்டர்கள் என இழுவை வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. சில டிரெய்லர்கள் பாம்பு மாதிரி நெளிந்து போவதைப் பார்த்ததும், ‘ஓவர்லோடு’ என்றுதான் சொல்வோம். ஆனால், அளவுக்குள் ஏற்றிய வண்டியும் இப்படி ஆடும். காரணம், எடையை எங்கே வைத்தார்கள் என்பது.

இரண்டு சக்கர டிரெய்லர் கிட்டத்தட்ட ஒரு தராசு. நடுவில் அச்சு, முன்னால் கொக்கி. கார் இழுக்கும் டிரெய்லரில், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் கணக்கு.

உதாரணமாக, அச்சுக்கு 3 மீட்டர் முன்னால் கொக்கி. அதன் மேல் 150 கிலோ அழுத்துகிறது. தலா 110 கிலோ பைக் இரண்டை அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் ஏற்றினால், கொக்கி மேல் சுமார் 147 கிலோ குறைந்துவிடும். மிச்சம் வெறும் 3 கிலோ!

இப்படி வால் கனத்த டிரெய்லரை ஒரு பஸ் ஓவர்டேக் செய்தால், அந்தக் காற்றே ஆட்டத்தைத் தொடங்கி வைக்கப் போதும். வேகம் கூடக் கூட ஆட்டம் அடங்காமல் பெரிதாகும். அமெரிக்காவில் பின்பக்கம் பைக் நிறுத்தும் ‘டாய் ஹாலர்’ கேரவன்களுக்கும் இதே தலைவலிதான்.

அதற்காக எல்லாவற்றையும் முன்னால் குவிக்கவும் கூடாது. டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்காது.

கன்டெய்னர் டிரெய்லரின் முன்பகுதி லாரி மேலேயே உட்காருவதால் இந்த ஆட்டம் குறைவு. அங்கே ஆபத்து வேறு. தொப்பூர் போன்ற இறக்கத்தில் பிரேக் அடிக்கும்போது, பின்னால் உள்ள எடை லாரியைத் தள்ளி வண்டியே மடங்கலாம்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது?

சடன் பிரேக் வேண்டாம். வேகம் கூட்டியும் சமாளிக்க முடியாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுவதே சரி.

2019 சட்டத் திருத்தப்படி ஓவர்லோடுக்கு ரூ.20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் ரூ.2,000 அபராதம். இதற்குப் பயந்து எடை போடுபவர்கள், அதே எடை மேடையில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். டிரெய்லரைக் கழற்றி முழுசாக ஒரு எடை. வண்டியில் மாட்டி, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி சுமக்கும் எடை.