ஃபேட் பைனரி

ஒரே நிரலைப் பல வகைச் சில்லுகளுக்குத் தனித்தனியே தொகுத்து, கிடைத்த இயந்திர மொழி வடிவங்களை எல்லாம் ஒரே கோப்பில் அடுத்தடுத்து அடுக்கிய இயக்குகோப்பு. ஐபோன் செயலிகளால் பரவலானாலும் இம்முறை ஐபோனைவிட மூத்தது.

நெக்ஸ்ட் நிறுவனத்தின் நெக்ஸ்ட்ஸ்டெப் இயக்குதளம் 1993இல் மோட்டரோலா சில்லுகளைத் தாண்டி இன்டெலுக்கும் வந்தது. இரண்டிலும் ஓடும் ஒரே கோப்பு தேவைப்பட்டதால், மாக்-ஓ என்ற கோப்பு வடிவத்தின் முன்னால் ஒரு சிறு அட்டவணை சேர்க்கப்பட்டது. உள்ளே எத்தனை வடிவங்கள், எது எந்தச் சில்லுக்கானது, எங்கே தொடங்குகிறது, நீளம் என்ன என்பதே அதில் இருக்கும். இயக்குதளம் அதைப் பார்த்துத் தனக்குரிய பகுதியை மட்டும் நினைவகத்தில் ஏற்றும். அட்டவணையின் முதல் எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் ‘கஃபேபேப்’ என்று படிக்கலாம். ஜாவா வகுப்புக் கோப்புகளும் இதே எண்ணோடுதான் தொடங்குகின்றன. நெக்ஸ்டை ஆப்பிள் வாங்கியபின், 2005இல் மேக் கணினிகள் இன்டெலுக்கு மாறும் என அறிவிக்கப்பட்டபோது, இதே உத்தி ‘யுனிவர்சல் பைனரி’ என்ற புதுப்பெயரில் வந்தது.

கைபேசியில் சில்லுகள் இன்னும் வேகமாக மாறின. 2007இன் முதல் ஐபோனில் ஆர்ம் வி6, 2009இன் 3ஜிஎஸ்ஸில் வி7, 2012இன் ஐபோன் 5இல் வி7எஸ், 2013இன் 5எஸ்ஸில் 64 பிட். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கோப்பில் ஒரு வடிவம் கூடியது; செயலியின் படங்களும் ஒலிகளும் பொதுவானவை என்பதால் பெருகியது நிரல் மட்டுமே. ஆனாலும் 16 ஜிபி கைபேசியில் பயன்படாத நிரலுக்கு இடம் தருவது வீண்தான். 2015இல் ஐஓஎஸ் 9 இதற்கு வழி கண்டது: உருவாக்குநர் முழுக் கோப்பை ஏற்றுவார், ஆப் ஸ்டோர் அந்தந்தக் கைபேசிக்கு வேண்டியதை மட்டும் நறுக்கி அனுப்பும். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததும் 32 பிட் செயலிகள் ஓடாமல் போயின.

முறையின் உண்மையான பலவீனம் வெளிப்பட்டது உருவாக்குநரின் மேசையில். அட்டவணை சில்லின் வகையை அறியும். அந்த வடிவம் கைபேசிக்கா, கைபேசியைப் போல் கணினியில் ஓடும் சிமுலேட்டருக்கா என்பதை அறியாது. சிமுலேட்டர் இன்டெலில் ஓடியவரை குழப்பமில்லை. 2020இல் ஆர்ம் வகைச் சில்லான எம்1 கொண்ட மேக் வந்ததும் கைபேசி, சிமுலேட்டர் இரண்டுக்குமான வடிவங்கள் 64 பிட் ஆர்ம் (ஆர்ம்64) ஆகிவிட்டன. ஒரே வகையை இருமுறை ஒரு கோப்பில் வைக்க வழியில்லை. நல்லவேளையாக, தளவாரியாகத் தனிக் கோப்புறை வைக்கும் எக்ஸ்சிஃப்ரேம்வொர்க்கை ஆப்பிள் 2019இலேயே அறிமுகப்படுத்தியிருந்தது.

ஆண்ட்ராய்டு இந்தச் சுற்றுவழியில் போகவே இல்லை. அதன் செயலிகளில் பெரும்பகுதி எந்தச் சில்லையும் சாராத பைட்கோடு. சி, சி++ மொழிகளில் எழுதிய நூலகங்கள் மட்டும் ஏபிகே என்ற செயலிக் கோப்புக்குள் சில்லுவாரியாகத் தனித்தனிக் கோப்புறையில் கிடக்கும். நிறுவும்போது பொருந்துவது தேர்ந்தெடுக்கப்படும். 2021 ஆகஸ்ட் முதல் புதிய செயலிகளை ஆப் பண்டிலாகவே தர வேண்டும் என கூகுள் பிளே விதித்தது. அதிலிருந்து கைபேசிக்கு ஏற்ற ஏபிகேக்களைப் பிரித்தெடுத்து அனுப்புவது கடையின் வேலை.